கழுத்தில் தொடங்கி இடுப்பில் முடியும் மூன்று நிற குரோஷே ஸ்வெட்டர்

என் முதல் ஸ்வெட்டரைக் கீழிருந்துதான் பின்னினேன். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டுகள். பின்ன மூன்று வாரம் ஆனது. தைத்து இணைக்கச் சோம்பல்பட்டு பீரோவில் போட்டு வைத்தது எட்டு மாதம். ஒருவழியாக இணைத்து அக்கா மகளுக்குப் போட்டுப் பார்த்தால், தலையே நுழையவில்லை!

அதற்குப் பிறகு மேலிருந்து கீழே மட்டும்தான். கழுத்தில் தொடங்குவதால் தலை நுழையுமா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். தையல் வேலை கிடையாது. பாதியில் குழந்தைக்குப் போட்டுப் பார்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

இங்கே தருவது இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு. சங்கிலி, சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிச் நான்கும் தெரிந்தால் போதும். நான் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே டபுளை ட்ரெபிள் என்பார்கள். ஊசியில் ஒருமுறை நூல் சுற்றி, நுழைத்து இழுத்தால் மூன்று வளையம் இருக்கும். இரண்டு இரண்டாக இருமுறை இழுத்து முடிப்பதுதான் இங்கே டபுள்.

வேண்டியவை

8 பிளை அக்ரிலிக் நூல், மூன்று நிறத்தில் 100 கிராம் வீதம் (மிஞ்சும்). 4 மி.மீ. ஊசி, தொடக்கச் சங்கிலிக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி. நான்கு சேஃப்டி பின், இஞ்ச் டேப், நூல் முனைகளை ஒளிக்க மழுங்கிய ஊசி.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் மேல் பாகத்துக்கு வெள்ளை வேண்டாம். சாம்பார் முதலில் சிந்துவது அங்கேதான். நான் மேலே கடுகு மஞ்சள், நடுவே வெள்ளை, கீழே மயில் நீலம் எடுத்தேன். மஞ்சள் கறை மஞ்சளில் தெரியாது.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். டபுளில் 15 செ.மீ. சதுரம் பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். குறுக்கே 16 தையல், உயரத்தில் 9 வரிசை வர வேண்டும். 18 தையல் வந்தால் நீங்கள் இறுக்கிப் பின்னுகிறீர்கள். பெரிய ஊசிக்கு மாறுங்கள். 14 வந்தால் சிறிய ஊசி.

கழுத்து

5 மி.மீ. ஊசியால் 80 சங்கிலி. முறுக்கு விழாமல் வட்டமாக்கி ஸ்லிப் ஸ்டிச்சால் இணையுங்கள். முறுக்கிக்கொண்டால் பின்னால் சரிசெய்ய வழியில்லை, அவிழ்க்கத்தான் வேண்டும். நம் அளவில் 80 தையல் 50 செ.மீ. வரும். இந்த வயதில் தலைச் சுற்றளவு சுமார் 48 செ.மீ. என்பதால் நுழைந்துவிடும்.

இனி 4 மி.மீ. ஊசி. இணைப்பு முதுகின் நடுவில் வருமாறு இப்படிப் பிரியுங்கள்: 13 பின்பக்கம், 1 மூலை, 12 கை, 1 மூலை, 26 முன்பக்கம், 1 மூலை, 12 கை, 1 மூலை, 13 பின்பக்கம். மூலை நான்கிலும் சேஃப்டி பின் குத்துங்கள்.

மேல் பாகம்: 10 சுற்று

ஒவ்வொரு சுற்றும் 2 சங்கிலியில் தொடங்கும். அது எண்ணிக்கையில் சேராது. தையலுக்கு ஒரு டபுள். மூலைத் தையல் வந்ததும் அந்த ஒன்றிலேயே 1 டபுள், 1 சங்கிலி, 1 டபுள். அடுத்த சுற்றிலிருந்து மூலையில் இருக்கும் அந்தச் சங்கிலி இடைவெளிக்குள் இதே மூன்றும். சுற்று முடிந்ததும் முதல் டபுளில் ஸ்லிப் ஸ்டிச், 2 சங்கிலி, திருப்புங்கள். திருப்பாமல் ஒரே திசையில் போனால் இணைப்புக்கோடு கோணலாக நகரும்.

முதல் சுற்றில் 84 டபுள் இருக்கும். பிறகு சுற்றுக்கு 8 கூடும். பத்தாவது சுற்றில் 156: முன் 46, பின் 46, கைக்கு 32 வீதம். ஒன்றிரண்டு கூடி வந்தால், திருப்பிய உடன் அந்த ஸ்லிப் ஸ்டிச்சிலும் ஒரு டபுள் போட்டிருப்பீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு அது.

நான்கு மூலையிலும் சாய்வாக இறங்கும் கோட்டுக்கு ராக்லன் என்று பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர்.

நிறம் மாற்றுதல்

அழகும் அசிங்கமும் இங்கேதான். புது நூலை அடுத்த சுற்றில் தொடங்கினால் தாமதம். பழைய நிறம் மேலே ஒரு புள்ளியாக எட்டிப் பார்க்கும். பத்தாவது சுற்றின் கடைசி டபுளைப் பாதியில் நிறுத்துங்கள். ஊசியில் மஞ்சள் வளையம் இரண்டு இருக்கும். மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளையை ஊசியில் சுற்றி, அந்த இரண்டின் வழியாகவும் இழுங்கள். தையல் மஞ்சள், அதன் தலையில் இருக்கும் வளையம் வெள்ளை. ஸ்லிப் ஸ்டிச்சையும் வெள்ளையிலேயே போடுங்கள். வெள்ளையின் தொடக்க முனையில் 15 செ.மீ. வால் இருக்கட்டும், மஞ்சளையும் 15 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். முடிச்சு மட்டும் வேண்டாம், குழந்தையின் தோலில் உறுத்தும்.

உடல்

வெள்ளையில் 23 டபுள், 4 சங்கிலி, கையின் 32 தையலை விட்டுத் தாண்டி முன்பக்கம் 46, மறுபடி 4 சங்கிலி, கையைத் தாண்டி மீதி 23. அடுத்த சுற்றில் அந்தச் சங்கிலிகளிலும் தலைக்கு ஒரு டபுள். மொத்தம் 100, அதாவது சுமார் 62 செ.மீ. சுற்றளவு. கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லாமல் வெள்ளையில் 9 சுற்று, நீலத்தில் 9 சுற்று. டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம். ஓரத்துக்கு 2 சுற்று சிங்கிள்.

கை

அக்குளில் 20 செ.மீ. வால் விட்டு வெள்ளையைத் தொடங்குங்கள். 4 சங்கிலியின் அடிப்புறத்தில் 4 டபுள், பிறகு கையின் 32, மொத்தம் 36. 4, 8, 12, 16ஆம் சுற்றுகளில் அக்குள் பக்கம் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு தையலை ஒன்றாக்குங்கள்; 28இல் வந்து நிற்கும். இங்கேயும் வெள்ளை 9, நீலம் 9. உடலிலும் கையிலும் சுற்றுக் கணக்கு ஒன்றாக இருந்தால்தான், கையைத் தொங்கவிடும்போது நிறக்கோடு நேராக ஓடும்.

அக்குளின் இரு முனையிலும் சின்ன ஓட்டை தெரியும். பயப்படாதீர்கள், எல்லோருக்கும் விழும். அந்த 20 செ.மீ. வாலால் உள்பக்கமாக இழுத்து மூடுங்கள்.

கடைசியாகக் கழுத்தைச் சுற்றி மஞ்சளில் 2 சுற்று சிங்கிள். இறுக்கிவிடாதீர்கள், ஒரு சுற்று முடிந்ததுமே தலையில் நுழைத்துப் பாருங்கள். துவைத்தால் துண்டின் மேல் விரித்துக் காய வையுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கினால் நீண்டுவிடும். அயர்ன் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக் சூட்டில் துவண்டு போனால் பிறகு பழைய மாதிரி நிமிராது.