பி.ஏ. இங்கிலிஷ் சேரப் போகிறீர்களா? முதலில் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "பிள்ளைக்கு இங்கிலிஷ் லிட்ரேச்சர் கிடைக்கும்போல இருக்கு, மூணு காலேஜ் சொல்றாங்க, எதுல போடலாம்?" கேட்டுவிட்டு, எதற்குப் பேர் அதிகம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நானும் ஒருகாலத்தில் பேரைப் பார்த்துச் சேர்ந்தவன்தான். இரண்டாம் வருடம் ஷேக்ஸ்பியர் பேப்பர் வந்தபோது வகுப்பில் ஒருவர் கையிலும் நாடகம் இல்லை, ஸ்பைரல் பைண்டிங் போட்ட நோட்ஸ்தான் இருந்தது. எந்த வருடத்து சீனியர் எழுதியதோ, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து ஓரத்து எழுத்தெல்லாம் அழிந்து, ஒரு பாத்திரத்தின் பெயரில் முன்பாதி மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பாதிப் பெயரையே பரீட்சையிலும் எழுதினேன். 61 மார்க் போட்டார்கள்.

அதிலிருந்து, யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கல்லூரிக்குள் போகும் முன் கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். செகண்ட் இயர் இங்கிலிஷ் மெட்டீரியல் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் யோசிக்காமல் ஒரு கட்டை எடுத்து நீட்டினால், அது பல வருடமாக மாறாத கட்டாகவும் இருந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று முக்கால்வாசி புரிந்துவிடும். நோட்ஸ் விற்காத ஊர் கிடையாது, அது குற்றமும் இல்லை. ஆனால் பிள்ளைகள் கதை, கவிதை, நாடகத்தின் மூலத்தையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிற கடையும் இருக்கிறது, பென்சிலில் கோடு போட்ட பக்கங்களோடு. அப்படி ஒரு கடையைப் பார்த்தால் அந்தக் கல்லூரியை லிஸ்ட்டில் மேலே ஏற்றுங்கள்.

அடுத்தது சிலபஸ். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாங்களே போட்டுக்கொள்கின்றன, மற்றவை சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் என்று எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அது கொடுப்பதை நடத்துகின்றன. இரண்டுமே பெரும்பாலும் இணையத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். இறக்கிக்கொண்டு ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் பக்கத்துக்கு நேராகப் போங்கள். முதல் வருடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் பொது ஆங்கிலம், மேஜரில் கொஞ்சம் உரைநடை, கொஞ்சம் கவிதை, அலைடில், அதாவது துணைப் பாடத்தில், இங்கிலாந்தின் சமூக வரலாறோ இலக்கிய வரலாறோ. கடைசி வருடத்தில்தான் டிபார்ட்மெண்ட்டின் குணம் தெரியும். மொழிபெயர்ப்பு, மொழியியல், பெண் எழுத்து, தலித் இலக்கியம், ஆப்பிரிக்க எழுத்து, இதழியல், சினிமா என்று ஏதாவது இருக்கிறதா, ஒரு சின்ன புராஜெக்ட்டாவது எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். மொழிபெயர்ப்புப் பேப்பர் இருந்தால் நான் கூடுதலாக ஒரு மார்க் போடுவேன், ஏனென்றால் தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தமிழே மூலதனமாக மாறுகிற இடம் அது. (எனக்கு மொழிபெயர்ப்பில் ஆசை, அதையும் கழித்துக்கொண்டே படியுங்கள்.)

சிலபஸ் நன்றாக இருந்தும் பரீட்சை அதைக் கெடுத்துவிடலாம். அதனால் மூன்று வருடக் கேள்வித்தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கவிதையின் மையக்கருத்து மூன்று வருடமும் திரும்பத் திரும்ப வந்தால் படிக்க வேண்டியது எட்டுக் கேள்விதான், பிள்ளைகளும் எட்டைத்தான் படிப்பார்கள். முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து அதைப்பற்றி எழுது என்று ஒரு கேள்வியாவது இருந்தால், யாரோ அங்கே மெனக்கெட்டுப் பாடம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

நூலகத்தை எல்லாரும் வாசலில் நின்று பார்த்துவிட்டு "பெரிசா இருக்கு" என்று வந்துவிடுவார்கள். இலக்கிய அலமாரிக்குப் போய் நாலு நாவலை உருவிக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசியாக எப்போது சீல் குத்தியிருக்கிறது? இப்போது பார்கோடு வந்துவிட்டதால் சீல் குத்துவதில்லை என்றால் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். வாசிக்கப்பட்ட புத்தகத்தின் முதுகில் சுருக்கம் விழுந்திருக்கும், வாசிக்கப்படாதது பளபளவென்று நிற்கும். பத்துக் காப்பி கைடும் ஒரு காப்பி மூலமும் இருக்கிற அலமாரியைப் பார்த்தால் வெளியே வந்துவிடலாம். ஊரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சென்னையில் கன்னிமாராவும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன, மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் கல்லூரி நூலகம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றலாம்.

ஆசிரியர்களைப் பற்றி ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) கேட்டுப் பயனில்லை, அவர் நல்லதைத்தான் சொல்வார். மூன்றாம் வருடப் பிள்ளைகளைப் பிடியுங்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், எங்கேயாவது. "கடைசியா முழுசாப் படிச்ச நாவல் எது?" என்று கேளுங்கள், அது ஒன்று போதும். சட்டென்று பதில் வந்து, அந்தப் பிள்ளை கதையைச் சொல்லவும் ஆரம்பித்தால் நல்லது. மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் அதுவும் ஒரு பதில்தான். வருடா வருடம் ஆசிரியர் மாறுகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். தற்காலிகமாக வரும் கௌரவ விரிவுரையாளர்களில் அருமையாக நடத்துகிறவர்கள் நிறைய உண்டு, ஆனால் செமஸ்டர் நடுவில் ஆள் மாறினால் அந்தப் பேப்பர் அந்தரத்தில் தொங்கும். அப்புறம், வகுப்பில் தமிழில் விளக்குகிறார்கள் என்பதை ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் வருடம் தமிழில் விளக்காமல் எப்படிப் பிடிபடும்? மூன்றாம் வருடமும் அதேபடி ஓடி, பிள்ளை எழுந்து நின்று இங்கிலிஷில் ஐந்து வாக்கியம் பேச வாய்ப்பே வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

பேர், ரேங்க் விஷயத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. நாக் (கல்லூரிகளுக்குத் தரம் போடும் தேசிய அமைப்பு) கொடுத்த ஏ பிளஸ் பிளஸ் என்பது 4-க்கு 3.51-உம் அதற்கு மேலும் வாங்கியது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ரேங்க் பட்டியலான என்ஐஆர்எஃப் 2016-இலிருந்து வருகிறது. இரண்டும் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துப் போட்ட மார்க். கெமிஸ்ட்ரியும் காமர்ஸும் இழுத்துக் கொடுத்த இடத்தில் இங்கிலிஷ் டிபார்ட்மெண்ட் சும்மா உட்கார்ந்திருக்கலாம், இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ், மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் என்று பழைய பேர்களுக்கு மதிப்பு சும்மா வரவில்லை. ஆனால் அங்கேயும் மேலே சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டே சேருங்கள். பாளையங்கோட்டை மாதிரி சேவியர்ஸும் ஜான்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர் என்றால் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம், வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும்.

காசு. எய்டட் (அரசு உதவி பெறும்) சீட்டும் செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி) சீட்டும் ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கும், ஃபீஸ் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். பல இடங்களில் செல்ஃப் பைனான்ஸ் மதிய ஷிப்ட். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும், கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பது அப்போது சிலபஸை விடப் பெரிய விஷயம். அரசுக் கல்லூரியை யாரும் இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். அங்கே ஒரு நல்ல சங்கதி இருக்கிறது: பி.ஏ. ஆங்கிலத்துக்கு பிளஸ் டூவில் ஆங்கிலப் பாடத்தில் எடுத்த மார்க்கை வைத்துத் தனித் தரவரிசை போடுகிறார்கள். மற்ற பாடங்களில் சறுக்கி ஆங்கிலத்தில் மட்டும் 90 எடுத்த பிள்ளை, பொதுப் பட்டியலில் எங்கோ பின்னால் கிடந்தாலும் இந்தப் பட்டியலில் முன்னால் நிற்கும். இது தெரியாமல் விண்ணப்பமே போடாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. டிகிரியின் பெயர். வெறும் ஆங்கில இலக்கியமா, அல்லது கம்யூனிகேட்டிவ் இங்கிலிஷ், ஃபங்ஷனல் இங்கிலிஷ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷனோடு சேர்ந்த இங்கிலிஷ் என்று ஏதாவது வாலா? படிப்பு நன்றாகவே இருக்கலாம். ஆனால் பி.எட். முடித்து அரசுப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பி.ஏ. ஆங்கிலத்துக்கு இது இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டு, நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். ஆறு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வாய்வார்த்தை செல்லாது.

டெல்லிப் பல்கலைக்கழகம் போக ஆசை இருந்தால் கியூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்குப் பிளஸ் டூ படிக்கும்போதே பதிவு செய்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் அந்த வருடம் போயிற்று.

எல்லாம் பார்த்து முடிவு செய்த பிறகும், இரண்டு இடத்தில் சீட் கிடைத்து எங்கே போவது என்று ஒரு வாரம் இழுபறியாக இருக்கும். அதற்குள் முதல் கல்லூரி பணம் கட்டச் சொல்லும். கட்டலாம், ஆனால் ரசீது வாங்குங்கள், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தயங்காமல் கேட்டு வாங்கலாம். டி.சி. மட்டும் நடைமுறையில் பெரும்பாலும் கல்லூரியிலேயே தங்கும், அதனால் கொடுக்கும் முன் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழோடு சேர்த்து ஐந்து செட் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு எதிரே அதே ஜெராக்ஸ் கடைதான், கடைக்காரர் இந்நேரம் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்.