வீட்டுக்குக் கிளம்பும்போதே அவசர வழியைச் சோதித்துவிடலாம்

வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது லிஃப்டையும் வழக்கமான வாசலையும் விட்டுவிட்டு, அவசர வழிப் படிக்கட்டில் இறங்கி வெளியே தெருவரை போய்ப் பாருங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், செலவும் இல்லை.

ஆபத்து நேரத்தில் பெரும்பாலோர் தினமும் வந்துபோகும் வாசலை நோக்கித்தான் ஓடுவார்கள். பக்கத்திலேயே வேறு கதவு இருந்தாலும் அது நினைவுக்கு வராது. அதோடு, நடந்து பார்த்தால்தான் கோளாறுகள் தெரியும்: படிக்கட்டுத் திருப்பத்தில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள், எரியாத விளக்கு, கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருக்கும் தீத்தடுப்புக் கதவு (புகை படிக்கட்டுக்குள் புகுவது இப்படித்தான்). எல்லாவற்றையும் விட முக்கியம் கடைசிக் கதவு. மேலே எல்லாம் சரியாக இருந்து, கீழே வெளிக்கதவில் பூட்டுத் தொங்கினால் அந்தப் படிக்கட்டே வீண். சாவி இல்லாமல், உள்ளிருந்து தள்ளினால் அது திறக்க வேண்டும்.

திறந்தால் அலாரம் அடிக்கும் கதவு என்றால் செக்யூரிட்டியிடம் சொல்லாமல் தள்ளாதீர்கள். படி இறங்க முடியாதவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்களுக்கு யார் துணை, எங்கே காத்திருப்பது என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும்.