பூத்துக் கொட்டியும் காய்க்காத பேஷன் ஃப்ரூட்: என் அனுபவம்
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பந்தலில் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடி இரண்டு. பூவுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்காமல் எல்லாம் உதிர்ந்துவிடும்.

முதலில் சத்துக் குறைவு என்று நினைத்து சாம்பல், புண்ணாக்கு, மீன் அமிலம் எல்லாம் போட்டேன். இலைதான் தழைத்தது. சரி, கையால் மகரந்தம் தடவலாம் என்று காலையில் பிரஷ்ஷோடு போனால் பூ மூடியே இருக்கிறது. ஊதா ரகம்தான் காலையில் விரியும், மஞ்சள் விரிவது நடுப்பகல் வாக்கில். மத்தியானம் தடவியும் பலனில்லை.

அப்புறம்தான் உறைத்தது, இரண்டு கொடியுமே ஒரே தாய்க்கொடியின் தண்டிலிருந்து வைத்தவை, அதாவது இரண்டும் ஒரே கொடி மாதிரிதான். மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தில் காய்க்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விதையில் முளைத்த வேறு கொடி இருந்தது, அதிலிருந்து நாலு பூ வாங்கி வந்து தடவினேன்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பூ விரிந்ததும் நடுவிலுள்ள மூன்று சூல்முடிகளும் (மகரந்தம் ஒட்ட வேண்டிய பெண் பாகத்தின் நுனிகள்) மேலே நிமிர்ந்து நிற்கும், ஒரு மணி நேரம் போல ஆன பிறகுதான் கீழே வளையும். வளைந்த பிறகு தடவ வேண்டும். கடைசிவரை வளையாமலே நிற்கும் பூக்களும் உண்டு, அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஒரு வாரத்தில் பதினோரு பிஞ்சு நின்றுவிட்டது, பழுக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.