காவிரி டெல்டாவிலிருந்து சிங்கப்பூருக்கு: முதலாமாண்டு சேர வருபவர்கள் அறிய வேண்டியவை

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் ஊரில் ஒரு வயலில் குறுவை நின்றுகொண்டிருக்கும், மற்றொன்றில் சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருக்கும். வீட்டாருக்கு வயல் வேலையும் உங்கள் பயண வேலையும் ஒன்றாக வந்து சேரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து நானும் அப்படித்தான் வந்தேன்.

நம் பகுதியில் பெரும்பாலான காரியங்கள் தெரிந்தவர் ஒருவர் வழியாகவே நடக்கின்றன. பட்டா மாறுதலுக்கு ஒருவர், பாஸ்போர்ட்டுக்கு ஒரு டிராவல்ஸ்காரர், வங்கியில் சொல்லிவைக்க ஒரு மாமா, கல்லூரி இடத்துக்கு ஓர் ஏஜென்ட். அதில் தவறொன்றும் இல்லை. அதுதான் நமக்குத் தெரிந்த வழி. ஆனால் சிங்கப்பூரில் விதிகள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன, அவை அடிக்கடி மாறவும் செய்கின்றன. நான்கைந்து பேர் வாய்வழியாக வரும் தகவல், கடைமடைக்கு வரும் தண்ணீரைப் போலக் குறைந்தும் காலம் கடந்தும்தான் உங்களை அடையும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டியது, உரிய அலுவலகத்திடம் நேரடியாக, எழுத்தில், உங்கள் பெயரிலேயே கேட்பது.

இதை முதலில் கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே செய்யுங்கள். ஏஜென்டுகள் பெரும்பாலும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கே ஆள் சேர்க்கிறார்கள். 'படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கலாம், கட்டணம் தானாக வந்துவிடும்' என்பதுதான் அவர்கள் பேச்சின் மையம். உண்மை வேறு. மனிதவள அமைச்சு பட்டியலிட்டுள்ள நிறுவனங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே, பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர் விடுமுறையில்கூட வேலை செய்ய முடியாது, மீறினால் மாணவர் அனுமதி பறிபோகும். தனியார் நிறுவனத்தில்தான் சேர்வது என்று முடிவானால், அதற்கு எஜுடிரஸ்ட் எனப்படும் அரசுத் தரச்சான்று இருக்கிறதா, கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உங்கள் பணம் செலுத்தப்படுகிறதா என்ற இரண்டையும் நீங்களே பாருங்கள். ஏஜென்டின் சொந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பணம் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் சொத்து என்பது பெரும்பாலும் நிலம்தான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. வெளிநாட்டுப் படிப்பு அந்தத் தொகைக்குள் அடங்குவது அரிது என்பதால் பிணை தேவைப்படும். அப்போதுதான் பல குடும்பங்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. கடனை மீட்க வங்கிகள் நம்பியிருக்கும் சர்ஃபேசி சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்பதால், எத்தனை மா நஞ்சை இருந்தாலும் பல வங்கிகள் அதைப் பிணையாக ஏற்பதில்லை. வீடோ மனையோ கேட்கிறார்கள். இது ஜூலையில் தெரியவந்தால் கட்டணக் கெடு நெருங்கிவிடும், அப்பா வேறு வழியின்றி வட்டிக்குக் கொடுப்பவரிடம் போய் நிற்பார். எனவே விண்ணப்பிக்கும்போதே வங்கிக்குப் போய், எந்தப் பிணையை ஏற்பார்கள் என்று கேட்டுத் தெளிந்துவிடுங்கள்.

சிங்கப்பூர் அரசின் மானியம் பெறும் பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டண மானியம் என்றொரு ஏற்பாடு உண்டு. அதில் கையெழுத்திடும் வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் வேலை செய்யக் கடமைப்பட்டவர். செய்யாவிட்டால் மானியத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். இது கட்டணத்தைப் பெரிதும் குறைக்கும் நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அதை 'ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது' என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அது ஒப்பந்தம், படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் உங்கள் வீட்டில் இருக்குமானால், கையெழுத்திடும் முன்பே அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரப் பயணம்தான். நாகப்பட்டினத்தில் ஏறி 'ரஜூலா' கப்பலில் நாட்கணக்கில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர் போலத் தோன்றுவது இயல்பு. அந்த எண்ணமே விமான நிலையத்தில் நம்மை அசட்டையாக்கிவிடுகிறது. வருகை அட்டையை இணையத்தில் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் கட்டணமின்றி நிரப்பலாம்; அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் போலியானவை. மின்சிகரெட்டும் வாயில் அடக்கும் புகையிலையும் அங்கே தடைசெய்யப்பட்டவை, சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, சில மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். 'எங்கள் பையனுக்கு இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிடு தம்பி' என்று தெருவில் யாராவது நீட்டுவார்கள். உங்கள் கண்முன் பிரித்துக் காட்டப்படாத எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உள்ள நாட்டில், எனக்குத் தெரியாது என்ற பதில் எளிதில் எடுபடாது. விடுமுறைக்குத் திரும்பும்போது வேறொரு வேண்டுகோள் வரும்: கொஞ்சம் நகை போட்டுக்கொண்டு வந்தால் டிக்கெட் பணத்தைத் தருகிறோம் என்பார்கள். இந்தக் 'குருவி' வேலையில் ஒரு முறை சிக்கிய மாணவரின் படிப்பு என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் ஒதுக்குபவர்கள் ஒரு மின்செருகி மாற்றிக்கும் இடம் ஒதுக்கலாம், ஏனெனில் அங்கே செவ்வகக் கால்கள் கொண்ட மூன்று முனைச் செருகியே பொருந்தும். சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படச் சொல்ல மாட்டேன். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் எல்லாம் கிடைக்கும். 'கோப்பி' என்று கேட்டால் கட்டிப்பால் கலந்த இனிப்பான காப்பிதான் வரும். கும்பகோணத்து நாக்குக்கு அது பழகச் சில வாரங்கள் ஆகும்.

படிப்புக்கு வருவோம். விரிவுரையில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்; உண்மையான கற்றல் இருபது, இருபத்தைந்து பேர் கூடும் டுட்டோரியல் வகுப்பில்தான் நடக்கிறது, அங்கே பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்த நான், என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று முதல் ஆறு வாரம் வாயைத் திறக்கவில்லை. புரியாததை அதே விடுதியில் இருந்த ஒரு மன்னார்குடிக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கும் அது புரிந்திருக்கவில்லை என்பது இடைத்தேர்வு முடிவு வந்தபோது இருவருக்கும் தெரிந்தது. பிளஸ் டூவில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். அந்தத் தாளில் பாதிகூட வரவில்லை. பிறகு ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் நடுக்கத்தோடு போய் நின்றேன். அவர் என் ஆங்கிலத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை, நான் தவறு செய்த இடத்தைத்தான் கவனித்தார். அந்தச் சந்திப்பு நேரம் முதல் வாரத்திலிருந்தே பாடத்திட்டத் தாளில் அச்சிட்டிருந்தது.

மற்றொன்று: நம் பள்ளிகளில் புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதுபவர் நல்ல மாணவர். அங்கே மூலத்தைச் சொல்லாமல் வரிகளை எடுத்து எழுதினால் அது களவு, ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். நண்பரின் வீட்டுப்பாடத்தை வாங்கிப் பார்த்து எழுதுவதும் அப்படியே. எது வரை சேர்ந்து செய்யலாம், எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சில பாடங்களின் தரநிலையைச் சராசரிக் கணக்கில் சேர்க்காமல் விட 'எஸ்/யு' என்னும் வழி இருக்கிறது. முதலாமாண்டில் தடுமாறுபவர்களுக்காகவே அமைந்த அதை, கெடு தெரியாமல் தவறவிடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

டெல்டாவிலிருந்து வருபவர்களுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. அதை எந்தப் பல்கலைக்கழகக் கையேட்டிலும் பார்க்க முடியாது. முதல் பருவத்தின் பதின்மூன்று வாரப் பாடம் நவம்பரில் முடிந்து, தேர்வுகள் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடக்கின்றன. நமக்கு அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம், புயலின் காலம், சம்பா தண்ணீரில் மூழ்கும் காலம். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது 2018 நவம்பர் 16. அன்று டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் தொலைபேசியும் அற்றுப்போன நாட்களில், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்யலாம். மழையால் அதிகம் பாதிக்கப்படாத ஊரில், மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் ஒருவரைச் செய்தி சேர்க்கும் ஆளாக வைத்துக்கொண்டு, தொடர்பு கிடைத்தவுடன் வீட்டார் அவருக்கு முதலில் சொல்லட்டும். அவர் உங்களுக்குச் சொல்லட்டும். உண்மையாகவே வீட்டில் பெரும் சேதம் என்றால், தேர்வறைக்குள் போவதற்கு முன்பே மாணவர் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். எழுதி முடித்த தேர்வுக்குப் பின்னர் காரணம் சொல்வது கடினம்.

இரண்டாம் பருவம் ஜனவரி நடுவில், ஏறத்தாழப் பொங்கலோடு தொடங்குகிறது. தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறை, பொங்கல் அப்படி அல்ல. 'மாட்டுப் பொங்கலும் முடியட்டும், அப்புறம் போகலாம்' என்று அம்மா சொல்வதை எதிர்பார்த்துக்கொண்டே பயணச்சீட்டை எடுங்கள். முதல் வார டுட்டோரியலைத் தவறவிட்டால் குழுக்கள் நீங்கள் இல்லாமலேயே அமைந்துவிடும்.

அங்கே உங்கள் ஊர்க்காரர்கள் நிறைய இருப்பார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமான சைட்டுகளிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்த்து, டார்மிட்டரிகளில் தங்கியிருக்கும் அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிறார்கள். பல்கலைக்கழக நண்பர்களோடு போகும்போது அவர்களைத் தெரியாதவர் போலக் கடந்து போகும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்; எனக்கு அது பிடிப்பதில்லை. அதே சமயம், அவர்களிடம் கடன் கேட்டுப் போய் நிற்காதீர்கள், ஏனெனில் அவர்களில் பலர் அங்கே போவதற்கு ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தையே இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் எழும்பிய நாகூர் தர்கா நினைவிடம் ஒன்று நிற்கிறது. ஊர் நினைவு அழுத்தும் மாலையில் நாகைப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போய்வரலாம்; நான் போனதுண்டு.

முதல் பருவத்தின் மதிப்பெண்ணை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். வந்தபடியே, வந்த அன்றே சொல்லுங்கள். அண்ணனிடம் சொல்லி அவர் அப்பாவிடம் சொல்லட்டும் என்று விடாமல், நீங்களே அப்பாவை அழையுங்கள். இந்திய நேரம் சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. உங்களுக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது அவர் வயலிலிருந்து திரும்பி, கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.