ஸ்கூலோட கணக்கை நல்லா தோண்டிப் பாருங்க, பிள்ளைங்க மார்க்கை ஊருக்குக் காட்டாதீங்க

ரிசல்ட் வந்த மறுநாளே தி.நகர்ல இருந்து தாம்பரம் வரைக்கும் ஸ்கூல் வாசல்ல ஃப்ளெக்ஸ் தொங்க ஆரம்பிச்சிடும், "100% தேர்ச்சி"ன்னு பெருசா போட்டு கீழ பத்து பிள்ளைங்க போட்டோ, பேரு, மார்க். அட்மிஷனுக்கு அலையுற பேரண்ட்ஸுக்கு அதுல உருப்படியா ஒண்ணும் கிடைக்காது, எத்தனை பேர் எழுதினாங்கன்னு கூட இருக்காது. ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்குற உரிமை நமக்கு இருக்கு, அதுக்கு எந்தப் பிள்ளையோட பேரும் வேண்டியதில்ல, எப்படின்னு சொல்றேன்.

முதல்ல நாட்டுல இருக்கிற எல்லா ஸ்கூல் விவரத்தையும் மத்திய கல்வி அமைச்சகம் திரட்டி வெச்சிருக்கிற யூடைஸ் பிளஸ் (UDISE+) சைட்ல "நோ யுவர் ஸ்கூல்" பகுதிக்குப் போங்க. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் 11 இலக்க நம்பர் இருக்கும், தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும். டீச்சர் எத்தனை, கிளாஸ்ரூம், டாய்லெட், லைப்ரரி, ஒவ்வொரு வகுப்புலயும் எத்தனை பிள்ளைங்கன்னு அதுல பாத்துக்கலாம். சிபிஎஸ்இ ஸ்கூல்னா அவங்க வெப்சைட்லயே "மேண்டட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்"னு ஒரு பக்கம் வெச்சாகணும், கடைசி மூணு வருஷ 10ஆவது, 12ஆவது ரிசல்ட் அதுல எண்ணிக்கையோட இருக்கணும், இல்லன்னா ஏன் இல்லன்னு ஆபீஸ் ரூம்ல கேளுங்க.

இப்பதான் முக்கியமான வேலை. தேர்ச்சி சதவீதத்தை அப்படியே நம்பாம, போன வருஷம் ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, இந்த வருஷம் பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உதாரணத்துக்கு ஒன்பதாவதுல 120, பரீட்சை எழுதினது 96, அந்த 96 பேரும் பாஸ்னா ஃப்ளெக்ஸ்ல 100% தான், ஆனா மீதி 24 பிள்ளைங்க எங்க போனாங்க? சில பேர் வீடு மாறியிருப்பாங்க, அது சகஜம், ஆனா வருஷா வருஷம் இதே மாதிரி குறைஞ்சிட்டே வந்தா சுமாரா படிக்கிற பிள்ளைங்களுக்கு டிசி குடுத்து அனுப்புறாங்களா, தனித்தேர்வரா எழுதச் சொல்றாங்களான்னு கேட்டே ஆகணும். எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்ங்கறதால இந்த வடிகட்டல் பெரும்பாலும் ஒன்பதாவதுலதான் நடக்கும். இந்தக் கணக்கைப் பாக்காம தயவுசெஞ்சு யாரும் ஃபீஸ் கட்டாதீங்க.

இந்த எண்ணிக்கை கிடைக்கலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. சென்னை மாநகராட்சி ஸ்கூல்னா ரிப்பன் பில்டிங், கல்வித் துறை பொதுத் தகவல் அலுவலருக்கு, மத்ததுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸுக்கு. பிரைவேட் ஸ்கூல் நமக்கு நேரா பதில் சொல்லலன்னாலும், கல்வித் துறை சட்டப்படி அவங்ககிட்ட இருந்து வாங்கக்கூடிய தகவலை துறைகிட்ட நாம கேக்கலாம், 2005ல வந்த அந்த ஆர்டிஐ சட்டத்தோட பிரிவு 2(எஃப்) அதுக்குத்தான் இருக்கு. வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், ஆன்லைன்லயும் போடலாம். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"மேற்படி பள்ளியில் கடந்த மூன்று கல்வியாண்டுகளில், ஆண்டுவாரியாக, ஒன்பதாம் வகுப்பில் பயின்றவர், ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றவர், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர், தேர்ச்சி பெற்றவர் ஆகியோரின் எண்ணிக்கையை மட்டும் வழங்கவும். மாணவர் பெயரோ பதிவெண்ணோ தேவையில்லை."

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலமா, தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கலாம்னு சொல்ற ஆர்டிஐ பிரிவு 8(1)(ஜெ)யை மாத்திட்டாங்க, 2025 நவம்பர்ல இருந்து அது அமலுக்கும் வந்தாச்சு, அதனால பேரு கேட்டீங்கன்னா "தனிப்பட்ட தகவல்"னு ஒரே வரியில மனுவை மூடிடுவாங்க. எண்ணிக்கையில யாரோட தனிப்பட்ட தகவலும் இல்ல, அந்தக் காரணம் அங்க செல்லாது. 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். உங்க பிள்ளையோட சொந்த விடைத்தாள் வேணும்னா அது வேற கதை, பரீட்சை எழுதினவங்க தன்னோட பேப்பரைக் கேட்டு வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2011லயே சிபிஎஸ்இ வழக்குல சொல்லியாச்சு.

கையில கிடைச்சதை ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஒரு ஸ்கூல்ல தமிழ் மீடியம் செக்‌ஷன்ல அஞ்சே பேர் எழுதி நாலு பேர் பாஸ்னு வெச்சுக்கோங்க, அதுல பேரே இல்ல, ஆனாலும் ஃபெயிலான அந்தப் பிள்ளை யாருன்னு தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பாடவாரி, ஆண் பெண், சமுதாயவாரின்னு பிரிச்சுக்கிட்டே போனா ஒவ்வொரு கட்டத்துலயும் ஆள் குறைஞ்சுக்கிட்டே வரும். பத்து பேருக்குக் கீழ வந்தா மூணு வருஷத்தை ஒண்ணா சேர்த்து சொல்லுங்க, இல்ல அந்த வரியையே எடுத்துடுங்க.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல யூனிட் டெஸ்ட் மார்க் லிஸ்ட்டை பிடிஎஃப்பா போடுற பழக்கம் இருக்கு பாருங்க, அதை நிறுத்த வெச்சே ஆகணும். கணக்குல 23 வாங்கின எட்டாவது பிள்ளையை நாற்பது வீட்டுல டைனிங் டேபிள்ல வெச்சுப் பேசுவாங்க, அது மறுநாள் கிளாஸுக்கு எப்படிப் போகும்? சண்டை வேண்டாம், "மிஸ், கிளாஸ் ஆவரேஜ் மட்டும் குரூப்ல போடுங்க, மார்க்கை அவங்கவங்க அப்பா அம்மாவுக்கு தனியா அனுப்புங்க"ன்னு சொல்லுங்க, ரெண்டு மூணு பேரண்ட்ஸ் சேர்ந்து சொன்னா பெரும்பாலும் கேப்பாங்க. லிஸ்ட் ஏற்கனவே வந்துட்டா அப்பவே டெலீட் பண்ணச் சொல்லுங்க, ஃபார்வர்ட் ஆனப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது.

ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு அட்மிஷன் ஃபார்மை முழுசா படிங்க. போட்டோவும் மார்க்கும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த சம்மதம்னு ஏதாவது வரி இருந்தா அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி வெச்சுக்கோங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலுக்கு பெற்றோர் சம்மதம் வேணும்னு அந்த 2023 சட்டமே சொல்லுது, அந்தப் பிரிவு அமலுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, இப்பவே எழுத்துல குடுங்க. மாநில ரேங்க் அறிவிக்கறதை தமிழ்நாடு அரசே 2017ல நிறுத்திடுச்சு, அதையும் பிரின்சிபல்கிட்ட எடுத்துச் சொல்லுங்க.

அப்புறம் ரிசல்ட் அன்னைக்கு பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிஞ்சா யார் வேணாலும் உங்க பிள்ளை மார்க்கைப் பாத்துடலாம், அதனால ஹால் டிக்கெட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வைக்காதீங்க, பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தா டவுன்லோட் ஆன ஃபைலை அழிச்சுட்டு வாங்க.