முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கு

சிங்கப்பூரில் 22 ஆண்டுகளாக டைல்ஸ் பதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலில் உட்கார்ந்தால் தூணைப் பிடித்துத்தான் எழுகிறேன். புதிதாக வரும் தம்பிகள் இதையாவது செய்யுங்கள்.

முழங்கால் பட்டையை முதல் நாளிலிருந்தே கட்டுங்கள்; வலி வந்த பிறகு அல்ல. வார் அகலமாக இருக்கட்டும். பின்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கே இறுக்குங்கள். மாட்டுமுன் உள்ளே தட்டிப் பாருங்கள். ஒருமுறை ஈரச் சிமெண்ட் உள்ளே போனது தெரியாமல் மாலைவரை மண்டியிட்டிருந்தேன். கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. ஈரச் சிமெண்டின் காரம் சுடாமலே தோலை வேகவைத்துவிடும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நான்கு டைல்ஸ் வைத்ததும் எழுந்து பத்தடி நடங்கள். மேற்பார்வையாளர் முறைப்பார், முறைக்கட்டும். முட்டிச் சிப்பியின் மேல் வீங்கிச் சிவந்து சுட்டால் தைலம் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள், சீழ் பிடித்திருக்கலாம்.

டைல்ஸ் வெட்டும் கிரைண்டர் பிடித்தால் காதடைப்பான் வேண்டும். 85 டெசிபல் சத்தத்துக்கு எட்டு மணி நேரம்தான் வரம்பு. 88 ஆனால் நான்கு மணி நேரம். வெட்டும்போது தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட்டாலே தூசு நுரையீரலுக்குப் போகாது என்று நம்பாதீர்கள், முகமூடியும் போடுங்கள்.

மருத்துவரிடம் "வேலையில் வந்தது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வேலைக் காய இழப்பீட்டுக்கு ஓராண்டுக்குள் கோர வேண்டும். மருத்துவச் சீட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கும் அனுப்பிவையுங்கள். என் சீட்டுகள் விடுதி மாறும்போது தொலைந்தன.