மூன்று நாடுகளைத் தொடும் ஸ்டெல்வியோ சுற்றுப்பாதை: சைக்கிளில் நான்கு நாள் செல்வது எப்படி

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் புகழ்பெற்ற ஒரு கணவாயை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் இருபுறமும் கிடைக்கும் சாலைகளைப் பிறகு இணைத்துக்கொள்கிறார்கள். அதை மாற்றிச் செய்வதே நல்லது. பள்ளத்தாக்குகளையும் அவற்றில் இரவு தங்க வேண்டிய பழைய ஊர்களையும் முதலில் குறித்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் கணவாய்களை அதன் பிறகு பார்த்தால், ஏறி இறங்குவதோடு முடிந்துவிடாத பயணம் ஒன்று கிடைக்கும். அதற்கு ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடும் மூலையில் உள்ள சுற்றுப்பாதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

பாதை ஆஸ்திரியாவின் நௌடர்ஸில் தொடங்குகிறது. ரெஷன் கணவாய் வழியாக இத்தாலியின் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் இறங்கி, ஸ்டெல்வியோ கணவாயில் ஏறி, உம்ப்ரைல் கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்தின் மூஸ்டைர் பள்ளத்தாக்கை அடைந்து, ஓஃபன் கணவாயைக் கடந்து எங்கடின் பள்ளத்தாக்கு வழியாக மீண்டும் நௌடர்ஸுக்கே திரும்புகிறது. மொத்தத் தொலைவு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 3,300 முதல் 3,500 மீட்டர் வரை. போட்டியாளர்கள் இதை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள் என்றாலும், வழியிலுள்ள ஊர்களைப் பார்க்க விரும்புவோருக்கு நான்கு நாள் வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஸ்டெல்வியோ சாலை பொதுவாக மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறந்து, இலையுதிர்கால இறுதியில் மூடப்படுகிறது. ஜூன் பிற்பகுதியும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் அச்சாலை மோட்டார் சைக்கிள்களின் வசமாகிவிடுவதால், அந்த மாதங்களில்தான் போக முடியும் என்பவர்கள் வாரநாள் ஒன்றின் விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோடை முடிவில் ஆண்டுக்கு ஒருநாள் மோட்டார் வாகனங்களை நிறுத்திச் சாலையைச் சைக்கிளுக்கு மட்டும் விடும் வழக்கமும் உண்டு. எந்த மாதமானாலும் கணவாய் திறந்திருக்கிறதா என்பதை முந்தைய நாள் மாலையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஜூலையிலும் அந்த உயரத்தில் பனி விழக்கூடும்.

சைக்கிளைப் பற்றிய முதல் கேள்வி கியர் விகிதம்தான். முன்னால் 34 பற்களும் பின்னால் 34 பற்களும் கொண்ட சிறிய கியரில், நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால் மணிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகம் வரும். பின்சக்கரத்தில் அதிகபட்சம் 28 பற்களே இருந்தால், அதே சுற்றுக்கு மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஸ்டெல்வியோவின் சராசரிச் சரிவான 7.4 சதவீதத்தில் புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் முதல் நிலையில் சுமார் 130 வாட்டும் இரண்டாவதில் சுமார் 157 வாட்டும் தேவைப்படும். சமவெளியில் அற்பமாகத் தெரியும் இந்த வேறுபாடு, மூன்றாவது மணி நேரத்தில் முழங்காலில் தெரியும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய ஊர்களின் தெருக்களில் கல் பாவியிருக்கும், ஈரமானால் வழுக்கும்.

முதல் நாள் எளிது. நௌடர்ஸிலிருந்து 1,507 மீட்டர் உயர ரெஷன் கணவாய்க்கு நூறு மீட்டர் அளவே ஏற்றம். அதன் பின்னால் வரும் ஏரியின் நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. 1950-இல் அணைக்காகப் பழைய கிராவுன் ஊர் மூழ்கடிக்கப்பட்டபோது 163 வீடுகள் இடிக்கப்பட்டன. 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் விடப்பட்டது. அதை அருகில் பார்க்கக் கிழக்குக் கரையில் செல்ல வேண்டும். அதன் பிறகு மால்ஸ் வரை பெரும்பாலும் இறக்கம். இங்கே வடக்கிலிருந்து பலமாக வீசும் காற்று பெயர் பெற்றது. சுற்றை நௌடர்ஸிலிருந்து இந்தத் திசையில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வழியில் பூர்கைஸ் ஊருக்கு மேலே வெள்ளையாகத் தெரியும் மரியன்பெர்க் மடம் பெனடிக்ட் சபையினருடையது.

அன்றிரவு குளூர்ன்ஸில் தங்குங்கள். ஆயிரம் பேர்கூட வசிக்காத இவ்வூரைச் சுற்றி முழுமையான கோட்டை மதிலும் மூன்று வாயில்களும் இன்றும் இருக்கின்றன. 1499-இல் அருகிலேயே நடந்த கால்வென் போரை அடுத்து ஊர் எரிக்கப்பட்டதால், 16-ஆம் நூற்றாண்டில் இம்மதில் எழுப்பப்பட்டது. கடைத்தெருவின் வளைவு மண்டபங்கள் மிகத் தாழ்வானவை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், உயரமானவர்கள் தலையையும் கவனித்துக்கொள்ள வேண்டும். சாலைப் பலகைகளில் ஒவ்வோர் ஊருக்கும் ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் இரண்டு பெயர்கள் இருக்கும் என்பதால், குளூர்ன்ஸ் என்பதும் குளோரென்ட்ஸா என்பதும் ஒன்றே, பிராட் என்பதும் பிராட்டோ என்பதும் ஒன்றே என்று முன்னரே குறித்து வைத்துக்கொண்டால் சந்திப்புகளில் குழப்பம் வராது.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உச்சம். பிராட் ஊரிலிருந்து 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோவுக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவு, 1,840 மீட்டர் ஏற்றம், 48 கொண்டை ஊசி வளைவுகள். பொறியாளர் கார்லோ டொனெகானி ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820-களில் அமைத்த சாலை இது. வளைவுகளுக்கு இறங்குவரிசையில் எண் இட்டிருக்கிறார்கள். கீழே 48 என்று தொடங்கி மேலே ஒன்றில் முடியும். முதல் வளைவு வருவதற்கு முன்பே கணிசமான தூரம் ஏறியிருப்போம் என்பதால், அந்தப் பகுதியில் வேகம் காட்டாமல் இருப்பதே அன்றைய நாளின் முக்கிய முடிவு. டிராஃபோய் ஊரில் (1,543 மீட்டர்) தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். ஃபிரான்சென்ஸ்ஹோஹ என்னும் இடத்தில், சுமார் 2,190 மீட்டர் உயரத்தில், மரங்கள் விலகி, மீதமுள்ள வளைவுகள் அனைத்தும் கல் தாங்குசுவர்களோடு ஒரே மலைச்சரிவில் அடுக்காக நிற்பது தெரியும். 1953-இல் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இக்கணவாய்க்கு வந்தபோது, இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பி இந்த ஏற்றத்தில்தான் சுவிஸ் வீரர் ஹூகோ கோப்லெட்டைப் பின்னுக்குத் தள்ளினார்.

வளைவுகளில் ஓட்டும் முறைக்கு ஒரு நுணுக்கம் உண்டு. வளைவின் உள்விளிம்பு திடீரெனச் செங்குத்தாக உயரும், வெளிவிளிம்பு ஏறக்குறையச் சமமாக இருக்கும். எதிரே வண்டி இல்லாதபோது சற்று வெளிப்புறமாகச் சுற்றினால், ஒவ்வொரு வளைவிலும் கால்களுக்கு நாலைந்து விநாடி ஓய்வு கிடைக்கும். 48 முறை கிடைக்கும் அந்த ஓய்வு சிறிதல்ல. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், கடைசி ஐந்து கிலோமீட்டரில் வேகம் குறைவது இயல்பு. நிதானமாக ஏறுபவருக்கு மொத்தம் மூன்றேகால் மணி நேரம் ஆகும். பிற்பகலில் இடி மின்னல் திரளும் வழக்கம் உள்ளதால், காலை ஏழு மணிக்கு முன் புறப்பட்டு நண்பகலுக்குள் உச்சியைக் கடந்துவிட வேண்டும்.

உச்சி பிராட் ஊரைவிடப் பன்னிரண்டு டிகிரி வரை குளிராக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கத் தொடங்கினால், கை விரல்கள் மரத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். முழுக் கையுறையும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் அணிந்த பின்னரே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைத்திருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். இடையிடையே விடுவதுதான் சக்கர விளிம்பும் வட்டத் தட்டும் சூடேறாமல் காக்கும்.

கணவாயின் மறுபுறம் உள்ள இத்தாலிய ஊரான போர்மியோவின் பக்கம் மூன்று கிலோமீட்டர் இறங்கியதும் வலப்புறம் உம்ப்ரைல் கணவாய்க்கான (2,501 மீட்டர்) திருப்பம் வரும். கவனிக்காமல் கடந்துபோவது எளிது. அங்கிருந்து சாண்டா மரியா வரை சுமார் 13 கிலோமீட்டரில் 1,100 மீட்டருக்கு மேல் இறக்கம். நீண்ட காலம் சரளையாக இருந்த பகுதிக்கும் 2015-இல் தார் போட்டுவிட்டார்கள். இதுபோன்ற சுவிஸ் மலைச்சாலைகளில் மஞ்சள் அஞ்சல் பேருந்து மூன்று சுரங்களில் ஹாரன் ஒலித்தபடி வரும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்புக் குறி போட்ட சாலைகளில் அதன் ஓட்டுநர் சொல்வதை மற்றவர்கள் கேட்டாக வேண்டும். ஒலி கேட்டதும் வளைவில் நுழையாமல் ஓரமாக நின்றுவிடுவதே நல்லது.

சாண்டா மரியாவிலோ மூஸ்டைரிலோ தங்கலாம். நான் மூஸ்டைரைத்தான் சொல்வேன், நான்கு கிலோமீட்டர் கூடுதல் என்றாலும். கார்ல் பேரரசர் (சார்லமேன்) நிறுவியதாகச் சொல்லப்படும் அங்குள்ள புனித யோவான் மடம், கரோலிங்கியக் காலச் சுவரோவியங்களுக்காக 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அருட்சகோதரிகள் இன்றும் அங்கு வாழ்கிறார்கள். இங்கிருந்து நாணயம் சுவிஸ் பிராங்க். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான கைபேசித் திட்டம் சுவிட்சர்லாந்தில் செல்லாமல் போகலாம் என்பதால், வரைபடங்களை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ஓஃபன் கணவாய் (2,149 மீட்டர்). ஏற்றம் சீரானது. ஆனால் உச்சியைக் கடந்து 1914-இல் அமைந்த சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் இறங்கியதும் செர்னெட்ஸ் வரை இனி இறக்கம்தான் என்று நினைக்க வேண்டாம். நடுவே மீண்டும் ஓர் ஏற்றம் இருக்கிறது. அதே பகுதியில் இத்தாலியின் லிவிஞோ ஊருக்குக் குறுக்குவழியாக வரைபடம் காட்டும் சுரங்கப்பாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை.

எங்கடின் பள்ளத்தாக்கிலுள்ள செர்னெட்ஸிலிருந்து இன் என்னும் ஆற்றோடு இறங்கி, பிரதான சாலைக்கு இருநூறு மீட்டர் மேலே உள்ள குவார்டாவில் இரவு தங்குங்கள். 1622-இல் படையினர் எரித்த ஊர் மீண்டும் கட்டப்பட்டபோது எழுந்த வீடுகள் இவை. இரண்டு நிறச் சுண்ணாம்புப் பூச்சில் மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறி, அடிநிறம் தெரியும்படி வரைந்த அலைகளும் பூக்களும் ஜன்னல்களைச் சூழ்ந்திருக்கும். கனத்த சுவரில் ஜன்னல்கள் புனல்போல் உள்நோக்கிக் குறுகும். தெருவோர மரத் தொட்டிகளில் ஓடும் நீரைப் பொதுவாகக் குடிக்கலாம், குடிநீர் அல்ல என்ற பலகை இல்லாதவரை. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்காது என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்பச் செர்னெட்ஸிலேயே உணவு வாங்கிவிடுவது நல்லது.

நான்காம் நாள் ஷ்குவோல் வழியாக மார்ட்டினா வரை பெரும்பாலும் இறக்கம். அங்கே இன் ஆற்றைக் கடந்து காட்டுக்குள் 370 மீட்டர் ஏறினால் நார்பெர்ட்ஸ்ஹோஹ மேடு; அதை அடுத்து நௌடர்ஸ். கால்கள் ஒத்துழைக்காவிட்டாலோ மழை பிடித்துக்கொண்டாலோ, செர்னெட்ஸுக்கும் ஷ்குவோலுக்கும் இடையே ரேத்தியன் ரயிலில் தனிச் சீட்டு வாங்கிச் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். மார்ட்டினாவிலிருந்து பேருந்தில் செல்வதானால், சைக்கிளுக்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.